சிவப்பு வண்டியா, பச்சை வண்டியா

மலைமேல் இருக்கும் ஓரம்பாறையில் நாலு புத்திசாலிகள் இருந்தார்கள். அவர்களே சொல்லித்தான் இது ஊருக்குத் தெரிந்தது.

நால்வரில் மூத்தவர் ஒச்சப்பன். கூச்சக்காரர். நாலு பேர் கூடினால் ஐந்தாவது ஆளுக்குப் பின்னால் நிற்பார். ஆனால் நியாயம் என்று வந்துவிட்டால் நூல் பிசகக் கூடாது அவருக்கு. வலது காலில் முள் தைத்தால், இடது கால் மட்டும் சுகமாக இருப்பது சரியில்லை என்று இரண்டு காலையும் நொண்டுவார். அதனால்தான் ஓரம்பாறைப் பூண்டு விவசாயிகள் குழுவுக்கு அவரைத் தலைவராக்கினார்கள்.

அந்தக் குழுவுக்கு மானியத்தில் ஒரு வண்டி தருவதாக ஏற்பாடாகியிருந்தது. கம்பெனி ஆள் ஜெபராஜ், ஒன்றுக்கு இரண்டாகக் கொண்டுவந்து அடிவாரத்து ரோட்டில் நிறுத்திவிட்டார். ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை. பைக்குக்கு இருப்பது போல ஹேண்டில், டிராக்டருக்கு இருப்பது போலத் தடித்த நாலு டயர், முன்னும் பின்னும் மூட்டை வைக்கக் கம்பித் தட்டு. ரோட்டிலிருந்து மேல்காடு வரை செங்குத்தான மண்பாதை. அதில் ஏறி இறங்கத்தான் இந்த வண்டி. சாயங்காலத்துக்குள் ஏதாவது ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் இரண்டும் அடுத்த ஊருக்குப் போய்விடும் என்றார்.

ஒச்சப்பனுக்கு அது வெறும் ஊர்க் காரியம் இல்லை. அவருடைய குதிரை பவுனு கால் ஒடிந்து படுத்த நாளிலிருந்து, பூண்டு மூட்டையை அவர் மனைவி சிட்டம்மாதான் தலையில் சுமந்து இறக்கிக்கொண்டிருந்தாள். கழுத்துப் பிடித்துக்கொண்டு, யாரையாவது பார்க்க வேண்டுமென்றால் உடம்போடு திரும்பிப் பார்க்கிற நிலைமை. மேல்காட்டில் இன்னும் நாலு மூட்டை மிச்சம். மறுநாள் காலையில் வியாபாரியின் லாரி ரோட்டுக்கு வருகிறது. காலையில் கஞ்சி ஊற்றும்போதே சிட்டம்மா சொல்லியிருந்தாள்:

"இந்தாருய்யா, பொழுது சாயறதுக்குள்ள ஒரு வண்டியப் பிடிச்சு நிறுத்திப்புடு. நாளைக்கு என் தலையில மூட்டை ஏறுச்சு, ஒந் தட்டுல சோறு ஏறாது."

ஜெபராஜ் பொறுமையாக விளக்கினார். இரண்டு வண்டியிலும் சாதாரணமாகப் பின்சக்கரம்தான் இழுக்கும். சேறு, மேடு வந்தால், சிவப்பு வண்டியில் ஒரு சுவிட்சைத் தட்ட வேண்டும். முன்சக்கரமும் சேர்ந்து இழுக்கும். பச்சை வண்டியில் எதையும் தட்ட வேண்டாம். பின்சக்கரம் வழுக்கினால் முன்சக்கரம் தானாகவே கைகொடுக்கும்.

கொண்டையனுக்கு மனசு ஆறவில்லை. நால்வரில் யோசிக்கிற வேலை அவனுடையது.

"அப்ப மத்த நேரத்துல முன்சக்கரம் என்ன செய்யும்?"

"சும்மா உருளும்ணே."

"பின்னால ரெண்டு பேரு உழைச்சுச் சாகுறான், முன்னால ரெண்டு பேரு சும்மா உருளுறான். நல்லா இருக்கு சார் உங்க கம்பெனி."

வண்டி ஓட்ட முன்வந்த முத்திருளன் பச்சை வண்டியின் முன்சக்கரத்தை மரியாதையோடு தடவிப் பார்த்தான். கூடப்பிறந்த தம்பியே கூப்பிட்டால்தான் வருகிறான், இது கூப்பிடாமலே வருமாமே என்று நெகிழ்ந்து போனான்.

ஜெபராஜ் பிரேக் என்றதும் சங்கிலி முன்னால் வந்தான். ஓரம்பாறையில் பாரம் ஏற்றிய குதிரை இறக்கத்தில் வரும்போது, முன்னால் ஒருத்தர் கயிற்றைப் பிடிக்க, பின்னால் ஒருத்தர் வாலைப் பிடித்து இழுத்துக்கொண்டே வருவார். வால் பிடிப்பதில் சங்கிலியை மிஞ்ச அந்த மலையில் ஆள் கிடையாது. ஆகவே பிரேக் விஷயத்தில் அவன் சொல்வதே முடிவு. அவன் இரண்டு வண்டியின் பின்னாலும் குனிந்து தேடிவிட்டு, இரண்டுக்குமே வால் இல்லை என்று வருத்தத்தோடு சொன்னான்.

சிவப்பில் இருப்பது டிரம் பிரேக், மூடிய சட்டிக்குள் பிடிப்பது, சேற்றுத்தண்ணீர் உள்ளே போனால் கொஞ்சம் தாமதமாகப் பிடிக்கும். பச்சையில் டிஸ்க் பிரேக், வெளியே தெரியும் தட்டைக் கவ்விப் பிடிப்பது, உடனே நிற்கும். அதோடு ஆக்ஸிலேட்டரை விட்டாலே என்ஜினும் இழுத்துப் பிடிக்கும் என்றெல்லாம் ஜெபராஜ் சொன்னார். கடைசியில், "நான் சொல்றது என்ன, ரெண்டையும் ஒரே மாதிரி வச்சு ஓட்டிப் பாருங்க. அப்பத்தான் வித்தியாசம் தெரியும்" என்றார்.

ஒரே மாதிரி என்ற சொல்லைக் கேட்டதும் ஒச்சப்பன் ஐந்தாவது ஆளுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்துவிட்டார்.

பாரத்தோடு மேட்டில் ஏற்றிப் பார்த்தால்தான் இழுவை தெரியும். வண்டிகள் ரோட்டில் நின்றன. மூட்டைகள் மேல்காட்டில் இருந்தன. வெறும் வண்டியை மேலே கொண்டுபோய் மூட்டையை ஏற்றி இறக்கினால், ஏறுவதற்கு முன்னாலேயே அது களைத்துவிடும். எனவே நாலு மூட்டையையும் தலையில் வைத்து ரோட்டுக்கு இறக்கினார்கள். சிட்டம்மாவும் ஒன்றை இறக்கினாள். நாளைக்குத்தானே கூடாது என்று சொல்லியிருந்தாள், இது இன்றைக்கு.

பாதை காய்ந்து கிடந்தது. சக்கரம் வழுக்காவிட்டால் முன்சக்கரத்துக்கு எப்படித் தெரியும்? குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்கள். அடிமுதல் நுனிவரை பாதை உளுந்துமாவுப் பதத்துக்கு வந்தது. முத்திருளன் சுவிட்சைத் தட்டினான். சிவப்பு வண்டி மூட்டைகளைச் சுமந்துகொண்டு, ரோட்டைவிட்டு மேல்காட்டுக்கு ஏறியது.

அடுத்து பச்சை. அதற்கும் அதே மூட்டைதான் வேண்டும். மறுபடி தலையில் இறக்கினார்கள். அதற்கும் அதே சேறு வேண்டும். சிவப்பு வண்டி கிழித்த தடத்தை நால்வரும் மண்டியிட்டுக் கையால் மெழுகிச் சமமாக்கினார்கள். அதற்கும் அதே ஓட்டுநர் வேண்டும். இங்கேதான் சிக்கல்.

"இவன் ஒரு தடவை ஏறிப் பழகிட்டான்" என்றார் ஒச்சப்பன். "பழகினவன் ஓட்டினா பச்சைக்குச் சலுகை கொடுத்த மாதிரி ஆகும்."

முத்திருளனை ஒரு மரத்தடியில் உட்காரவைத்து, ஓட்டியதை மறந்துவிட்டு வரச் சொன்னார்கள். கொண்டையன் அவ்வப்போது போய்ப் பார்த்தான்.

"மறந்துட்டியா?"

"இன்னும் இல்ல."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி போனான்.

"மறந்துட்டியா?"

"எதை?"

"அண்ணே, மறந்துட்டான்" என்று கொண்டையன் கூவினான்.

பச்சை வண்டியும் ஏறிவிட்டது. இதைத்தான் ஒருவரும் எதிர்பார்க்கவில்லை. ஏதாவது ஒன்று ஏறாமல் இருந்திருந்தால் தீர்ப்புச் சொல்லியிருக்கலாம். மேல்காட்டில் மூட்டைகளை இறக்கிவிட்டு எல்லாரும் கவலையோடு உட்கார்ந்தார்கள். பொழுது மேற்கே சாய்ந்துகொண்டிருந்தது. சிட்டம்மா உடம்போடு திரும்பிப் புருஷனைப் பார்த்தாள்.

இனி பிரேக்தான் மிச்சம். சிக்னல் கிடைக்காததால் போன் பேசக் கீழே வளைவுக்குப் புறப்பட்ட ஜெபராஜ், சரிவில் நின்ற சிவப்பு வண்டியின் கைப்பிரேக்கை இழுத்துப் போட்டார். "மேட்டுல நிறுத்தினா இதைப் போடாம இறங்கவே கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார். போடுவதைப் பற்றிச் சொன்னாரே தவிர எடுப்பதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

முதலில் பச்சையை இறக்கத்தில் விட்டார்கள். முத்திருளன் பிடித்த இடத்தில் நின்றது. கையை எடுத்ததும் நகர்ந்தது. மறுபடி பிடித்தான், மறுபடி நின்றது. எல்லாரும் சங்கிலியைப் பார்த்தார்கள்.

"நின்னுச்சு, ஒத்துக்கிறேன்" என்றான் சங்கிலி. "ஆனா அப்புறம் கிளம்பிருச்சே. கிளம்புற நெனப்பை உள்ளுக்குள்ள வச்சுக்கிட்டு நிக்கிறது ஒரு நிப்பா?"

அடுத்து முத்திருளன் சிவப்பில் ஏறி ஆக்ஸிலேட்டரைக் கொடுத்தான். வண்டி உறுமியது, அசையவில்லை. இன்னும் கொடுத்தான். இன்னும் உறுமியது. கொண்டையனும் சங்கிலியும் பின்னால் நின்று தள்ளிப் பார்த்தார்கள். மலைக்கு முளைத்த பல் மாதிரி நின்றது. சங்கிலிக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷம் வால் பிடித்தும் தன்னால் ஒரு குதிரையை இப்படி நிறுத்த முடிந்ததில்லை என்றான். கொண்டையன் குனிந்து சக்கரங்களைப் பார்த்துவிட்டு, முன்னால் இரண்டும் சும்மா, பின்னால் இரண்டும் சும்மா, நாலுக்கும் ஒரே நியாயம் என்று அறிவித்தான்.

நியாயம் என்றதும் ஒச்சப்பனுக்கு உடம்பு சிலிர்த்தது. ஆனாலும் அவருக்குள் ஒரு சின்னச் சந்தேகம் எட்டிப்பார்த்தது. நகராத வண்டியில் மூட்டை எப்படிப் போகும்? கேட்கலாமா என்று வாயைத் திறந்தார். மூன்று பேருக்கும் வராத சந்தேகம் தனக்கு மட்டும் வருகிறதென்றால், அது தன் புத்திக் குறைவாகத்தானே இருக்கும்? இதைக் கேட்டு எல்லாரும் சிரித்துவிட்டால்? வாயை மூடிக்கொண்டார். தன் மடத்தனம் வெளியே தெரியாமல் தப்பியதே என்று நிம்மதியாகவும் இருந்தது.

ஜெபராஜ் வந்தார். எது என்று கேட்டார். சிவப்பு என்றார்கள். ஏன் என்று கேட்டார். பிரேக்குக்காக என்றார்கள். அவர் ஒன்றும் புரியாமல் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பச்சையில் ஏறி மலையிறங்கிப் போனார்.

மறுநாள் காலை, லாரி டிரைவர் ரோட்டோரத்தில் டீ குடித்துக்கொண்டு மலையை அண்ணாந்து பார்த்தார். மேலேயிருந்து நாலு மூட்டையோடு ஒரு சிவப்பு வண்டி, சக்கரம் ஒன்றும் சுழலாமல், சேற்றை உழுதுகொண்டு வந்தது. பின்னால் ஐந்து பேர் மூச்சுவாங்கத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். சிட்டம்மாவும் அதில் உண்டு. அவள் தலையில் மூட்டை இல்லை. தன் சொல்லைப் புருஷன் காப்பாற்றிவிட்டார் என்று முகத்தில் பெருமை.

டிரைவர் வண்டியைச் சுற்றிவந்து பார்த்தார். "யோவ், கைப்பிரேக் போட்டிருக்கு. எடுத்துட்டு வர்றதுதானே?"

ஒச்சப்பன் கூச்சத்தோடு சிரித்தார். "எடுத்துட்டா அது பிரேக்கு இல்லாத வண்டி ஆயிரும்ணே. இறக்கத்துலயே தள்ளிக்கிட்டு வர்றோம்னா எப்பேர்ப்பட்ட பிரேக்குன்னு பாருங்க."

மூட்டைகளை லாரியில் ஏற்றிவிட்டு, வண்டியைத் திருப்பி மேட்டில் தள்ளத் தொடங்கினார்கள். சேற்றில் ஐந்து பேருக்கும் கால் வழுக்கியது. வண்டி நின்ற இடத்திலேயே நின்றது.

"பின்னால வழுக்குது. முன்னால இழுக்க ஆள் வேணும். அந்த டிரைவரு தானா வந்து கைகொடுப்பாரா?" என்று கேட்டாள் சிட்டம்மா.

"தானா வர்றது பச்சை வண்டியில" என்றார் ஒச்சப்பன். "நம்மளது சிவப்பு, தட்டணும்."

வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு இறங்கிப்போய், டீ குடித்துக்கொண்டிருந்த லாரி டிரைவரின் தோளில், வலிக்காமல், ஒரே ஒரு தட்டு தட்டிவிட்டு, அவர் வருவதற்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.