ஓர் ஆம்பல் பிள்ளைகள்

ஆம்பல் பூத்த குளம் ஒன்றில் விரால் ஒருத்தி முந்நூற்றுப் பன்னிரண்டு குஞ்சுகளோடு குடியிருந்தாள். சாயங்காலம் ஆனதும், மூழ்கிக் கிடந்த பனங்கட்டைக்கும் கரைக்கும் நடுவே இருந்த சந்தில் பிள்ளைகளை ஒவ்வொன்றாக நீந்தவிட்டு எண்ணுவாள். ஒன்று குறைந்தால்கூட, பொழுது விடியுமுன் எல்லாரையும் வேறு மூலைக்கு ஓட்டிப் போய்விடுவாள். விரால் குஞ்சு மூச்சு வாங்க மேலே வந்தாக வேண்டும். அந்த நேரம் பார்த்து எவனாவது கொத்துவான் என்பது அவளுக்குத் தெரியும்.

கொத்துகிறவன் கரையோர நுணா மரத்தில்தான் இருந்தான். அவன் ஒரு மீன்கொத்தி. அவள் இடம் மாற்றிக்கொண்டே இருந்ததால், நாளுக்கு ஒரு குஞ்சு கிடைப்பதே அவனுக்குப் பெரும்பாடாக இருந்தது.

ஒரு நாள் அவன் தாழ்ந்த கிளைக்கு இறங்கி வந்தான். "என்னம்மா, தினமும் வாய் வலிக்க எண்ணுறியே, மொத்தம் எத்தனை?"

"முந்நூத்திப் பன்னெண்டு" என்றாள் விரால்.

"நூறு, ஆயிரமெல்லாம் இல்லாதவங்க கணக்கும்மா. நீ பெத்தது ஓர் ஆம்பல்."

விராலுக்கு விளங்கவில்லை. ஆம்பல் என்றால் தலைக்கு மேலே பூத்திருக்கும் பூ என்றுதான் அவள் அறிவாள். அது ஓர் எண்ணுக்கும் பெயர் என்றான் மீன்கொத்தி. அந்தக் காலத்தில் எண்ணப் புறப்பட்டவர்கள் ஆயிரம், லட்சம், கோடி என்று போய், அதற்கும் வெகுதூரம் அப்பால் போய், அடுத்த எண்ணுக்கு வைக்கப் பெயர் கிடைக்காமல் விழித்தார்களாம். குளக்கரையில் உட்கார்ந்து யோசித்தபோது, கண்ணுக்கெட்டிய வரை ஆம்பல் பூத்துக் கிடந்ததாம். அந்தப் பெயரையே வைத்துவிட்டார்களாம். சொன்னவன் கள்ளன், சொன்ன கதை என்னவோ அழகாகத்தான் இருந்தது.

"ஆம்பலை யாரும் எண்ணுறதில்லைம்மா. அதுல பத்து போனாலும் ஆம்பல்தான்" என்று முடித்தான்.

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அன்று சாயங்காலம் எண்ணவில்லை. போகிற கெண்டையிடமும் வருகிற கெளுத்தியிடமும், தான் ஓர் ஆம்பல் பெற்றவள் என்று சொல்லித் திரிந்தாள். இடம் மாற்றுவதும் நின்றது. கூட்டம் மெலிவது கண்ணில் படாமல் இல்லை. பட்டபோதெல்லாம், ஆம்பலில் பத்து போனால் என்ன என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். பெருமை தலைக்கேறிய பிறகு கண் இருந்து என்ன பயன்?

மாதம் ஒன்று போனது. அந்த ஆம்பல் பிள்ளைகளை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று தவளை ஒன்று ஆசையாக வந்து கேட்டது. விரால் குரல் கொடுத்தாள். நாலு குஞ்சுகள் வந்தன. மறுபடி கூப்பிட்டாள். வந்த நாலும் இன்னும் கிட்டே வந்தன.

அவள் மேலே வந்து மரத்தைப் பார்த்தாள். "ஆம்பல்னு சொன்னியேடா, எங்கேடா என் பிள்ளைங்க?"

மீன்கொத்தி அலகைக் கிளையில் துடைத்துக்கொண்டான். "முந்நூத்தி எட்டு. நீதான் எண்ணுறதை விட்டே. நான் விடலை."

விரால் நாலு பிள்ளைகளையும் வயிற்றடியில் சேர்த்துக்கொண்டு பாசிக்குள் போனாள்.

எண்ண வேண்டாம் என்று ஒருவன் நமக்குச் சொன்னால், நமக்கும் சேர்த்து அவன் எண்ணிக்கொண்டிருக்கிறான் என்று அறிக.