கரையை எங்கே வெட்டுவது

ஆற்றங்கரை மடத்தில் உமையாள் அம்மை காலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த நேரத்தில் மாசிலாமணி நனைந்துகொண்டே வந்து சேர்ந்தார். அம்மையைவிடப் பத்து வயது மூத்தவர். நில அளவை வேலையை விட்டுவிட்டு மடத்துக்குச் சீடராக வந்தவர். வேலையைத்தான் விட்டார், அந்தப் பெருமையை விடவில்லை.

நாலு நாளாக மழை. ஆறு கரையை முட்டிக்கொண்டு போனது.

வருஷா வருஷம் வெள்ளம் வந்தால் ஒன்பது ஊர்க்காரர்களும் அவரவர் கரையில் அரிவாளோடு காவல் இருப்பார்கள். தன் ஊர் பிழைக்க அடுத்த ஊர்க் கரையை வெட்டிவிடுவது அங்கே புதிதல்ல. போன வருஷம் இரண்டு பேருக்கு மண்டை உடைந்தது. அதற்குப் பிறகுதான் எல்லோருக்கும் பொதுவாக ஒரு திட்டம் போடச் சொல்லி மாசிலாமணியைக் கேட்டார்கள். மூன்று மாதம் அலைந்து அளந்து அவரும் போட்டுவிட்டார்.

"முடிஞ்சுதா?" என்றார் அம்மை.

"முடிஞ்சுது அம்மா. அளவுகல்லுல தண்ணி மூணாவது கோட்டைத் தொட்டதும் ஒரே ஒரு இடத்துல கரையை வெட்டிடணும். வெள்ளம் அங்க வடிஞ்சிடும். ஒன்பது ஊரும் தப்பிச்சிடும்."

"எல்லாரும் ஒத்துக்கிட்டாங்களா?"

"ஒருத்தர்கூட மறுத்துப் பேசல. இப்படி ஒரு கூட்டத்தை நான் பார்த்ததே இல்ல."

"கூட்டம் எங்க நடந்துச்சு?"

"மேலநல்லூர் கோயில் மண்டபத்துல."

"வெட்டுற இடம்?"

"பள்ளக்குடி. தாழ்ந்த நிலம். மேடு பள்ளம் பார்க்குற மட்டக்குழாய் வச்சு மூணு தரம் பார்த்தேன்."

அம்மை எடுத்த கவளத்தை இலையிலேயே வைத்தார். ஒன்பது ஊர்க் கணக்கில் சேராத பள்ளக்குடியில் நாற்பது குடிசை. அந்த மண்டபத்துப் படியை மிதிக்க அவர்களை யாரும் விட்டதில்லை.

"அங்க ஜனம் இருக்கே?"

"முன்னாடியே கரை ஏறச் சொல்லியிருப்பாங்க அம்மா."

"யாரு?"

"மேலநல்லூர்க்காரங்கதான்... சொல்லியிருப்பாங்க."

அம்மை கை கழுவினார். "வாங்க, பார்த்துட்டு வருவோம்."

கரையில் முப்பது ஆட்கள் மம்பட்டியோடு நின்றார்கள். மேலநல்லூர் நாட்டாண்மை சிங்காரம் குடை பிடித்துக்கொண்டு நின்றார். அளவுகல்லில் இரண்டாவது கோடு முழுகிவிட்டிருந்தது. அம்மையைப் பார்த்ததும் ஆட்கள் தலைத்துண்டை அவிழ்த்துவிட்டு ஒதுங்கி வழி விட்டார்கள். அம்மை யாரிடமும் பேசாமல் மறுபக்கச் சரிவில் இறங்கினார்.

பள்ளக்குடியில் ஒரு பானைகூட இடம் மாறியிருக்கவில்லை. முதல் குடிசை வாசலில் மூக்காயி என்பவள் ஒழுகுகிற கூரையில் கோணியைச் செருகிக்கொண்டிருந்தாள். உள்ளே அவள் மாமனார் எழுந்து நடமாட முடியாமல் படுத்திருந்தார்.

"இந்த மழையில ஏன் சாமி வந்தீங்க?" என்று பதறினாள். பிறகு முகம் மலர்ந்து, "மேல மம்பட்டியோட நிக்கிறாங்களே, கரையை ஒசத்தத்தானே? இந்த வருஷமாச்சும் எங்க நெனப்பு வந்துச்சே" என்றாள்.

பின்னாலேயே இறங்கி வந்திருந்த மாசிலாமணி கரையைத் திரும்பிப் பார்த்தார்.

"உள்ள உக்காரலாமா?" என்றார் அம்மை.

"ஐயோ, தரையெல்லாம் ஈரம் சாமி!"

அம்மை ஈரத்திலேயே உட்கார்ந்தார்.

"அம்மா, எழுந்திரிங்க. தண்ணி மூணாவது கோட்டைத் தொட ஒரு மணி நேரம்கூட இல்ல. இவங்களையும் கரை ஏத்திடலாம்" என்றார் மாசிலாமணி.

"ஏத்திட்டு எங்க தங்க வைப்பீங்க?"

"மேடான இடம்னா மண்டபம்தான்..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"வெட்டச் சொல்லப் போறது யாரு?"

"நான்தான்."

"அப்போ போய்ச் சொல்லுங்க."

"நீங்க இங்க இருக்கும்போது எப்படிச் சொல்லுவேன்?"

மூக்காயி தயங்கித் தயங்கி நீட்டிய கஞ்சியை அம்மை வாங்கிக் குடிக்க ஆரம்பித்தார்.

மாசிலாமணி கரைக்கு ஓடினார். வரைபடத்தை விரித்தார். மேலும் கீழும் பார்த்தார். மேற்கே கூப்பிடு தூரத்தில் ஒரு சவுக்குத் தோப்பு. அதற்குப் பின்னால் தூர்ந்துபோன பழைய வடிகால், நேரே கடலோரச் சதுப்புக்குப் போவது. ஒரு வீடு கிடையாது. அந்த இடத்தில் மட்டும் வரைபடம் ஒரு அளவும் குறிக்காமல் வெள்ளையாக இருந்தது. தோப்பு சிங்காரத்துடையது. அளந்த மூன்று மாதமும் மாசிலாமணிக்கு அவர் வீட்டில்தான் சாப்பாடு.

மட்டக்குழாயைத் தூக்கிக்கொண்டு தோப்புக்குள் நுழைந்தார். சேற்றில் இரண்டு தரம் விழுந்தார். மூன்றாம் தரம் பார்த்தபோது அளவு தெளிவாகவே வந்தது. தண்ணீர் இந்தப் பக்கமும் போகும்.

திரும்பி வந்தபோது மூன்றாவது கோட்டுக்கு விரல்கடை அளவுதான் மிச்சம்.

"தோப்புல வெட்டுங்க!"

"கணக்குல அது இல்லையே?" என்றார் சிங்காரம்.

"கணக்கைத் தப்பாப் போட்டுட்டேன்."

"கூடிப் பேசி முடிச்சதை மாத்த நீ யாருய்யா? எல்லாம் என் அப்பா வச்ச மரம். ஒருத்தன் மம்பட்டியை வச்சா கையை ஒடிப்பேன்!"

ஆட்கள் அசையவில்லை. மாசிலாமணி ஒருவன் கையிலிருந்த மம்பட்டியைப் பிடுங்கினார்.

"அம்மா கீழ உக்காந்திருக்காங்க. எழுந்து வரமாட்டேங்கிறாங்க."

முப்பது பேரும் தோப்புப் பக்கம் ஓடினார்கள். சிங்காரம் குடையை மடக்கிவிட்டு வழியிலிருந்து விலகினார். கரை உடைந்த சத்தத்தில் காது அடைத்தது. நூறு சவுக்கு மரம் சாய்ந்தது. கல்லில் தண்ணீர் இறங்கத் தொடங்கியதைப் பார்த்துவிட்டு மாசிலாமணி அங்கேயே உட்கார்ந்து அழுதார்.

மூன்றாம் நாள் மழை விட்டது. மடத்துக் கூடத்தில் மழைத்தண்ணீர் விட்டுப்போன சேற்றை அம்மை வழித்துக்கொண்டிருந்தார். மாசிலாமணி வந்து காலில் விழுந்தார்.

"ஒரு உயிர்கூடப் போகல அம்மா. நீங்க அங்க போய் உக்காரலைன்னா அன்னைக்கே பள்ளக்குடியை வெட்டியிருப்பேன். தோப்பு ஒண்ணு இருக்குங்கிறதே என் கண்ணுல பட்டிருக்காது. அங்க நீங்க இருக்கீங்கன்னு நினைச்சதும் எனக்கு ஈரக்குலையே நடுங்கிடுச்சு."

அம்மை வழிப்பதை நிறுத்தவில்லை.

"நான் போய் உக்கார்றதுக்கு முன்னாடி அங்க யாரு இருந்தா?"