நல்லாத் தளர்ந்த பிறகு

கொக்கறப்பட்டி காவல் நிலையத்தில் மூளை உள்ளவர்களைப் போடக்கூடாது என்று யாரும் உத்தரவு போடவில்லை. தானாக அப்படி அமைந்துவிட்டது. ஏட்டு பூவலிங்கம், அவருக்குக் கீழே காவலர்கள் சொரிமுத்து, தேவசகாயம். மூவருக்கும் சேர்த்து ஒரு பிஸ்டல்.

போன வருடச் சோதனையில் அது டி.எஸ்.பி. கையிலேயே மக்கர் பண்ணியது. குண்டுகளை அடுக்குகிற மேகசினுக்குள் ஒரு ஸ்பிரிங் உண்டு. குண்டை மேலே தள்ளுவது அதுதான். அது தளர்ந்து கிடந்தது. "அடுத்த தடவையும் சொதப்பினா மூணு பேரையும் ஆயுதப்படைக்குத் தூக்கிடுவேன்" என்றார் டி.எஸ்.பி. அங்கே விடிந்ததும் மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டும். இவர்கள் கடைசியாக ஓடியது வேலைக்குச் சேர்ந்தபோது.

இந்த வருடச் சோதனைக்கு ஒரு வாரம் முன்பு ஆயுதப்படையிலிருந்து துப்பாக்கி பழுதுபார்ப்பவர் வந்தார். மேகசினை அமுக்கிப் பார்த்தார்.

"போன வருஷம் போட்ட ஸ்பிரிங் நல்லாத்தான் இருக்கு. சும்மா இருந்தா கெடாது. அமுக்கி அமுக்கி விட்டாத்தான் தளரும். கைவசம் ஒரு புதுசு தர்றேன். இது நல்லாத் தளர்ந்த பிறகு மாத்துங்க."

அவர் தெருமுனை திரும்புவதற்குள் மாநாடு கூடிவிட்டது.

"புதுசை இப்பவே போட்டுட்டா என்ன ஏட்டையா?" என்றான் சொரிமுத்து.

"அறிவிருக்கால? அரசாங்கச் சொத்து. நல்லா இருக்கிறதைக் கழிக்க முடியுமா? புகார் குடுக்க வந்தவன் விழுந்து இடுப்பை ஒடிச்ச பிறகுதானே நமக்கு நாற்காலியே மாத்திக் குடுத்தாங்க?"

"அப்ப பழசு தளரணும்" என்றான் தேவசகாயம்.

"தளர வைக்கணும். வழியை அவரே சொல்லிட்டுப் போயிருக்காரே!"

ஆரம்பித்தார்கள். குண்டுகளைக் கட்டைவிரலால் அமுக்கி மேகசினை நிரப்புவது, வெளியே தள்ளுவது, மறுபடி நிரப்புவது. ஒருவர் களைத்தால் அடுத்தவர். சங்கிலியைப் பறிகொடுத்து அழுதுகொண்டு வந்த பெண்ணை, "முக்கியமான வேலை நடக்கும்மா, பெறவு வா" என்று திருப்பி அனுப்பினார்கள். சம்பளம் வாங்குகிற வேலைக்கு இதில் பாதி உழைத்திருந்தால் அந்த ஊரில் ஒரு கோழிகூடக் காணாமல் போயிருக்காது.

ஸ்பிரிங் மசியவில்லை.

"திமிர் பிடிச்ச ஸ்பிரிங்கா இருக்கு ஏட்டையா."

"அமுக்குல! எத்தனை கேடியை நாம பணிய வச்சிருக்கோம்!"

"ஒருத்தனையும் இல்லையே ஏட்டையா."

"அதான் சொல்றேன், இதையாவது பணிய வைப்போம்."

சோதனைக்கு முந்தின நாள் சாயங்காலம் ஒருவழியாக அது தளர்ந்தது. மூவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். கையும் பல்லுமாகப் போராடிப் புதுசை மாட்டினார்கள்.

மறுநாள் டி.எஸ்.பி. வந்தார். "குண்டைப் போட்டுச் சுட்டுக் காட்டுங்க."

பூவலிங்கம் குண்டை எடுத்தார். "அம்மா!" என்று கீழே போட்டார். கட்டைவிரல் கத்தரிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. மற்ற இருவருக்கும் அதே கதிதான். டி.எஸ்.பி. தலையில் அடித்துக்கொண்டு தானே நிரப்பிச் சுட்டார். ஒரு குண்டுகூடச் சிக்கவில்லை.

"பிஸ்டல்ல ஒரு குறையும் இல்லை. நீங்கதான் உதவாக்கரைங்க. மூணு பேரும் நாளைக்கே ஆயுதப்படைக்குக் கிளம்புங்க!"

சொரிமுத்துவும் தேவசகாயமும் கும்பிட்டுக் கெஞ்சினார்கள். பூவலிங்கம் மட்டும் முகம் மலர்ந்தார்.

"புது ஸ்பிரிங் அங்கேயிருந்துதானேய்யா வருது?" வீங்கிய கட்டைவிரல்கள் இரண்டையும் பணிவாக நீட்டினார். "அப்படியே இதுக்கும் புதுசு போட்டுத் தரச் சொல்லுங்கய்யா. நல்லாத் தளர்ந்த பிறகுதான் கேக்கோம்."