கோப்பைக்குள் காவல் இருக்கும் ஆரஞ்சு

இந்தக் கதையை நான் நேராகக் கேட்கவில்லை. இத்தாலியில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை பார்க்கும் என் பெரியப்பா மகன் செல்வநாதன், அங்கே யாரோ சொன்னதைப் போனில் எனக்குச் சொன்னான். வழியில் ஏதாவது மாறியிருக்கலாம். என் காதில் விழுந்தபடி எழுதுகிறேன்.

மரங்களும் மனிதரும் பேசிக்கொண்டிருந்த காலம் அது. இத்தாலியில் ஒரு மலையடிவாரத்தில் ஒர்சோலா என்ற பெண் சத்திரம் நடத்திவந்தாள். தோட்டத்தில் ஒரு திராட்சைக்கொடி, ஒரு ஜூனிப்பர் புதர், ஒரு கசப்பு ஆரஞ்சு மரம். திராட்சை இனிப்பு மதுவாகும். ஜூனிப்பரின் காய் சாராயத்துக்கு மணம் தரும். ஆரஞ்சின் சிவந்த பழங்களை யாரும் தொடுவதில்லை.

ஒருநாள் ஒர்சோலா கோடரியோடு ஆரஞ்சு மரத்திடம் வந்தாள்.

"நாளைக்குக் காலையில உன்னை வெட்டப்போறேன். அடுப்புக்காவது ஆவே."

"எரியும்போதாவது இனிக்கிறியான்னு பார்ப்போம்!" என்று சிரித்தது திராட்சைக்கொடி.

"ஆடுகூடத் துப்பிட்டுப் போகுதே!" என்றது ஜூனிப்பர்.

மரம் அவற்றைக் கண்டுகொள்ளவில்லை. "ஏம்மா கண் கலங்கியிருக்கே?" என்று ஒர்சோலாவைக் கேட்டது.

"வர்றவங்க இனிப்பு மதுவைக் குடிச்சே வயித்தை நிரப்பிக்கிறாங்க. சமைச்சதெல்லாம் தட்டுலயே கிடக்குது. இன்னிக்குச் சாயங்காலம் கல்யாணக் கூட்டம் வருது. அவங்களும் சாப்பிடலேன்னா சத்திரத்தை மூடவேண்டியதுதான்."

"என்னையும் கலந்து பாரேன்."

அரைமனதாக அவள் மதுவையும் சாராயத்தையும் கொண்டுவந்து கலந்து, ஒரு பழத்திலிருந்து சில துளி பிழிந்து நாக்கில் வைத்தாள். இனிப்பு அந்தக் கசப்பை அப்படியே விழுங்கிவிட்டது.

"துளி போதாது. கொடிக்கும் ஜூனிப்பருக்கும் எவ்வளவோ, எனக்கும் அவ்வளவு," என்றது மரம்.

"எனக்கு இது சமமா?" என்று கொடி துள்ளியது.

ஒர்சோலா தயங்கினாள். விருந்தாளிகள் துப்பிவிட்டால் எல்லாம் போச்சு. அப்போது மரம் தன் உடம்பைக் குலுக்கி, இருந்த பழம் அத்தனையையும் அவள் காலடியில் உதிர்த்தது.

"இதுக்கு மேல என்கிட்ட ஒண்ணுமில்ல. இனி உன் இஷ்டம்."

அவள் பழங்களை மடியில் அள்ளிக்கொண்டு போனாள். ஒரே கிண்ணத்தால் மூன்றையும் சமமாக அளந்து கலந்தாள்.

மாப்பிள்ளையின் மாமா முதல் வாய் குடித்தார். முகம் கோணியது. அவர் உதட்டை நக்கினார். இன்னொரு வாய் குடித்தார்.

"ஏம்மா, சாப்பாடு எப்ப போடுவே? வயிறு கத்துது!"

அதன்பிறகு ஒர்சோலாவுக்கு நிற்க நேரமில்லை. சூப் தீர்ந்தது, ரொட்டி தீர்ந்தது, மணப்பெண்ணே எழுந்துவந்து சட்டியைச் சுரண்டினாள். காலிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு ஒர்சோலா தோட்டத்துக்கு ஓடினாள்.

"பாரு, ஒரு துணுக்குகூட இல்ல! என்ன வேணும், கேளு!"

"யாராவது முகம் சுளிச்சா நாளைக்கே என் அளவைக் குறைச்சிடுவே. என் பழத்துல ஒரு துண்டு கோப்பைக்குள்ளயே காவல் இருக்கட்டும்."

ஒர்சோலா சிரித்துக்கொண்டே கோடரியைக் கிணற்றில் வீசினாள். "அண்ணே, கோப்பையில எனக்கும் கொஞ்சம் இடம் விடுங்க," என்றது திராட்சைக்கொடி.

அந்தச் சாயங்காலத்திலிருந்துதான் நெக்ரோனி என்ற அந்தக் கலவை மது விருந்துக்கு முன்னால் வருகிறது. ஆரஞ்சும் அதற்குள் உட்கார்ந்திருக்கிறது.

பிறகு நான் தேடிப் பார்த்தேன். மது கலப்பவர்களின் சர்வதேசச் சங்கம் வெளியிட்டிருக்கும் செய்முறையில் ஜின் என்ற ஜூனிப்பர் சாராயம், கசப்பு மது, வெர்மூத் என்ற இனிப்புத் திராட்சை மது மூன்றும் தலா முப்பது மில்லிதான். கூடவே அரைவட்ட ஆரஞ்சுத் துண்டு. அது கசப்பு ஆரஞ்சா என்று மட்டும் அதில் எழுதவில்லை.