பூனை மேல் போன பழி

தூத்துக்குடி ஜெபசீலியின் ஏழு வயது மகள் ஷைனிக்கு இரத்தப் புற்றுநோய் என்று தெரிந்ததும், நாத்தனார் ரோஸ்லின் வீட்டுப் பூனை மிட்டாயைக் கைகாட்டினாள். "படுக்கை முழுக்க மிட்டாயோட முடிதான் கொட்டிக் கிடக்கு. அதுதான் பிள்ளை ரத்தத்துல கலந்திருக்கு" என்றாள். தெருவில் பாதிப்பேர் அன்றைக்கே டாக்டராகிவிட்டார்கள். எல்லோரும் ஆமாம் போட்டார்கள்.

ஜெபசீலி தனியாகப் போய் டாக்டரம்மாவிடம் கேட்டாள். "பூனையால வந்த நோய் இல்லம்மா இது. மருந்து ஏறுற காலத்துல பிள்ளைக்கு எதிர்ப்புச் சக்தி குறையும். தேறுற வரைக்கும் பூனையைப் பக்கத்துல விடாதீங்க, போதும்" என்றார் அவர்.

வீட்டுக்கு வந்து அதைச் சொல்ல வாயெடுத்தாள். ரோஸ்லின் முந்திக்கொண்டாள். "பூனை இல்லேன்னா பின்ன? எங்க வகையறாவுல யாருக்கும் இது கிடையாது. உங்க சித்திதான இதுல போனாங்க, மதினி?"

பேச்சு தன் பிறந்த வீட்டுப் பக்கம் திரும்புவதை ஜெபசீலி கண்டுகொண்டாள். பழி பூனையோடு போய்த் தொலையட்டும் என்று நினைத்தாள். "டாக்டரும் பூனை ஆகாதுன்னுதான் சொன்னாங்க" என்று முடித்துக்கொண்டாள்.

கணவன் எட்வின் அதை அப்படியே நம்பினான். மறுநாள் காலையில் மிட்டாயைச் சாக்கில் போட்டான். வழி பிடித்துத் திரும்பி வராமல் இருக்கச் சாக்கைக் கிறுகிறுவென்று சுற்றினான். கொண்டுபோய் மீன் மார்க்கெட்டில் விட்டுவிட்டு வந்தான்.

சில வாரம் மருந்து ஏறி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய ஷைனி முதலில் பூனையைத்தான் தேடினாள். "முடியாக் கொட்டி உன்னைச் சீக்காளி ஆக்கிருச்சுல்ல? அதான் அப்பா சாக்குல போட்டுக் கொண்டுபோய் விட்டுட்டாங்க" என்றாள் ரோஸ்லின்.

பிள்ளை அழவில்லை. சாயங்காலம் ஜெபசீலி அறைக்குள் போனபோது, ஷைனி தலையணையில் உதிர்ந்து கிடந்த தன் முடியைப் பொறுக்கிக் கவுன் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் கொட்டுதும்மா. அப்பாகிட்டச் சொல்லிராதீங்க. என்னையும் சாக்குல போட்ருவாங்க."

பழியைக் கிளப்பியவள் ரோஸ்லின். சாக்கைத் தூக்கியவன் எட்வின். பாதியை விழுங்கியவள் ஜெபசீலி. இந்தப் பிள்ளைக்குப் பதில் சொல்ல வேண்டியவர் யார்? நீங்களே சொல்லுங்கள்.

விடை: எட்வின் என்றுதான் சட்டென்று வாயில் வரும். அவன் நம்பிச் செய்தான். ரோஸ்லினுக்கு நாக்கெல்லாம் விஷம், ஆனால் அவளுக்கும் உண்மை தெரியாது. தெரிந்தவள் ஜெபசீலி ஒருத்திதான். அது அவளுக்கே உறைத்தது. இருவரையும் கூப்பிட்டு வைத்து டாக்டரம்மா சொன்னதை முழுசாகச் சொன்னாள். "அப்ப உங்க சித்தி வழிதான்" என்று ரோஸ்லின் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எட்வின் சாக்கை எடுத்துக்கொண்டு மீன் மார்க்கெட்டுக்கு ஓடினான். பூனை கிடைக்கவில்லை. வெறும் சாக்கோடு அவன் வாசலில் வந்து நின்றதும் ஷைனி கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டாள்.