தொடாமல் பார்த்த ரிப்பேர்

பனங்குளம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மரியசூசை ரிப்பேர் கடை வைத்திருந்தான். கூட்டாளிகள் செல்லையா, கொம்பையா. மூவருக்கும் கைவேலை சுத்தம். தலைக்குள்தான் காற்றோட்டம் கொஞ்சம் அதிகம்.

வாஷிங் மெஷின் கம்பெனி ஒன்றுக்கு வாரண்டி வேலையும் பார்த்தார்கள்; அதற்கு வாடிக்கையாளரிடம் காசு வாங்கக் கூடாது, கம்பெனிதான் தரும். கம்பெனியோ மாதக்கணக்கில் "வரும், வரும்" என்றது. கட்டட உரிமையாளர் சுடலைமுத்து அண்ணாச்சி, வெள்ளிக்கிழமைக்குள் வாடகை வராவிட்டால் கடையைப் பூட்டுவேன் என்று சொல்லிவிட்டார். சூசைக்குச் சோறு இறங்கவில்லை. கம்பெனிக்குப் போன் போட்டான்.

"நீங்க சரி பண்ணுன ஜெபமணி டீச்சர் வாஷிங் மெஷின், பழுதா இருக்கிற போட்டோ எங்க? அது வந்தாத்தான் பணம்" என்றார் அதிகாரி.

மூவரும் கூடி யோசித்தார்கள்.

"பழுதத்தான் சரி பண்ணியாச்சே, போட்டோவுக்கு எங்க போக?" என்றான் சூசை.

"கருகுன மோட்டார் நம்மகிட்டதான கெடக்கு" என்றான் செல்லையா.

"அதத் திரும்ப மாட்டிருவோம்" என்று தீர்ப்புச் சொன்னான் கொம்பையா.

டீச்சர் வீட்டுக்குப் போய், பாதித் துவைப்பில் மெஷினை நிறுத்தி, நல்ல மோட்டாரைக் கழற்றி, கருகியதை மாட்டிப் படம் அனுப்பினார்கள்.

"சரி. உத்தரவு வர்ற வரைக்கும் நீங்க மெஷினத் தொடக் கூடாது" என்றார் அதிகாரி.

மூவரும் கையைக் கட்டிக்கொண்டார்கள்.

"ஏல, என் சேலையெல்லாம் உள்ள ஊறுது! சரி பண்ணுங்கல!" என்று டீச்சர் கத்தினார்.

"நாங்க தொடக் கூடாது டீச்சர். நீங்க தொடலாம்" என்று பணிவோடு ஸ்பேனரை நீட்டினான் சூசை.

பாவம், டீச்சர் முந்தானையை இழுத்துச் செருகித் தரையில் உட்கார்ந்தார். ஒருவன் இடப்பக்கம் திருகச் சொன்னான், இன்னொருவன் வலப்பக்கம் என்றான். பொழுது சாய்வதற்குள் மெஷின் ஓடியது.

வேலை பார்த்தது யார், எந்தக் கணக்கில் பணம் போட என்று கம்பெனி கேட்டது. சூசைக்குப் பொய் வராது. டீச்சர் பெயரையும் கணக்கையும் கேட்டு வாங்கி அனுப்பினான். மறுநாளே பணம் வந்துவிட்டது, டீச்சருக்கு.

மனசு கேட்காமல் டீச்சர் அதைக் கொண்டுவந்து நீட்டினார். சூசை பதறிப் பின்வாங்கினான்.

"வாரண்டி வேலைக்கு உங்ககிட்ட காசு வாங்கக் கூடாது டீச்சர்!"

வெள்ளிக்கிழமை அண்ணாச்சி புதுப் பூட்டோடு வந்தார். கதவை இழுத்து மாட்டினால் பூட்டு விழவில்லை. அவர் திணறுவதைப் பார்த்துச் சூசைக்கு மனசு பொறுக்கவில்லை. மூவரும் பூட்டை வாங்கித் துடைத்து, எண்ணெய் விட்டு, நெம்பிச் சரிசெய்து கொடுத்தார்கள்.

கடைக் கதவில் பூட்டு 'டக்'கென்று விழுந்தது. சூசைக்குப் பெருமை தாங்கவில்லை.

"திரும்ப மக்கர் பண்ணுச்சுன்னா யோசிக்காதீங்க அண்ணாச்சி, நேரா நம்ம கடைக்கு எடுத்துட்டு வந்துருங்க."