காந்தளுக்கு நடுவே கறுப்புப் பூனை

வேதாரண்யத்தில் பூங்கோதை என்று ஓர் ஓவியக்காரி இருந்தாள். காகிதம், தூரிகை எதுவும் கிடையாது. டேப்லெட் திரையில்தான் வரைவாள். மழைக்காலம் வந்தால் பூனைகளையும் மழைப் பூக்களையும் சேர்த்து வரைந்து இணையத்தில் போடுவாள். பார்த்து வரையட்டுமே என்று அவள் கணவன் சிவநேசன் கொல்லை வேலியோரம் செங்காந்தள் வைத்தான்.

ஐப்பசி மழையில் காந்தள் பூத்தது. ஒருநாள் மிளகு என்று பெயர் வைத்து அவர்கள் வளர்த்த கறுப்புப் பூனை வாந்தி எடுத்துச் சுருண்டு விழுந்தது. சிவநேசன் அதைத் தூக்கிக்கொண்டு கால்நடை மருத்துவர் நஸ்ருதீனிடம் ஓடினான். பூனை பிழைக்கவில்லை.

"காந்தளைக் கடிச்சிருக்கு. அந்தச் செடி முழுக்க விஷம்" என்றார் மருத்துவர்.

"அவகிட்ட சொல்லிடாதீங்க டாக்டர். அவளுக்காக நான் வச்ச செடி. தாங்கமாட்டா."

மருத்துவர் வாக்குக் கொடுத்தார். ஏதோ காய்ச்சல் என்று வீட்டில் சொல்லிவிட்டு, சிவநேசன் செடியை வேரோடு பிடுங்கிப் போட்டான். ஏன் பிடுங்கினான் என்று பூங்கோதை கேட்கவில்லை. அழவும் இல்லை. சோறு வைத்தால் சாப்பிட்டாள், கூப்பிட்டால் திரும்பினாள்.

பிறகு ஒரு படம் வரைந்தாள். மழையில் நனைந்த காந்தள் பூக்களுக்கு நடுவே மிளகு தூங்கியது. அந்தப் படம் எங்கெங்கோ போனது. "எங்க பூனையும் இப்படிப் படுக்கணும்னு காந்தள் வாங்கி வச்சிருக்கேன்" என்று யாரோ ஒரு பெண் அதன் கீழே எழுதினாள்.

நஸ்ருதீன் அதைப் பார்த்தார். "காந்தள் பூனைக்கு விஷம், உடனே எடுத்துவிடுங்கள். படத்தில் இருக்கும் பூனையும் இதைத் தின்றுதான் இறந்தது" என்று எல்லாரும் பார்க்க எழுதிவிட்டார்.

பூங்கோதை படித்தாள்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றான் சிவநேசன். "அந்தப் படத்தை எடுத்துடு, பூங்கோதை."

அவள் எடுக்கவில்லை. படத்தின் மேலேயே எழுதினாள்: "எங்கள் வீட்டுக் காந்தளைத் தின்று என் பூனை இறந்தது. பூனை இருக்கும் வீட்டில் இதை வைக்காதீர்கள்."

மனைவிக்காக மறைத்த கணவன், வாக்கை மீறிய மருத்துவர், படத்தை எடுக்க மறுத்த பூங்கோதை. இவர்களில் யார் செய்தது சரி?

விடை: பலரும் மருத்துவர் என்பார்கள். ஆனால் அவர் எழுதிய முதல் வாக்கியமே அந்தப் பெண்ணின் பூனையைக் காப்பாற்றப் போதும். இரண்டாவதுதான் வாக்கை உடைத்தது. கணவன் மறைத்தது அன்பினால்தான், ஆனாலும் படம் வெளியே போன பிறகும் வாய் திறக்கவில்லை. பூங்கோதை சொல்லவேண்டியதைச் சொன்னாள். செடியை வைத்தது யார் என்று மட்டும் எழுதவில்லை. அவள் செய்ததே சரி. கணவன்மேல் கோபமா என்று கேட்டால், கோபமோ அழுகையோ இன்னும் எதுவும் வரவில்லை என்கிறாள்.